மார்பின் அடிமடிப்பில் வியர்வையும் வாடையும்: அறிகுறியைக் கொண்டு காரணம் கண்டு நீக்கும் முறை

மார்பகம் நெஞ்சோடு சேரும் அடிமடிப்பில் தோல் தோலின்மேல் படிந்திருக்கிறது. அங்கே காற்று புகுவதில்லை. சுரந்த வியர்வை ஆவியாகிப் போக வழியில்லை. நடக்கும்போதும் குனியும்போதும் இரண்டு தோற்பரப்புகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன. ஈரத்தில் நெடுநேரம் கிடந்த தோலின் மேலடுக்கு ஊறி வெளுத்து, சிறு உரசலுக்கே உரிந்துவிடும். அவ்வாறு உரிந்த தோலில், இயல்பாகவே நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பெருகுகின்றன. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவதற்கு எது காரணமோ, ஏறத்தாழ அதுவேதான் இங்கும் காரணம். சேற்றுப்புண்ணைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. சுத்தமில்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது. நாளைக்கு இருமுறை குளிப்பவருக்கும் இது வரும். குளித்தபின் மடிப்பைத் துடைக்காமல் உடனே உள்ளாடை அணிபவருக்கு இன்னும் எளிதாக வரும்.

மருந்தைத் தேடுவதற்கு முன் மடிப்பை ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று, மார்பகத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, தோலின் நிறம், படையின் விளிம்பு, ஈரம், வெடிப்பு ஆகியவற்றையும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கைபேசியில் படமெடுத்துப் பார்க்கலாம். பத்து நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் படம் உதவும். இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவக் குறிப்புகள் பெரும்பாலும் ‘சிவந்த தோல்’ என்றே எழுதுகின்றன. ஆனால் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அழற்சி செக்கச்செவேலென்று தெரியாது. அது செம்பழுப்பாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே அடர்ந்த நிறமாகவோ தோன்றும். ஆகவே நிறத்தோடு எரிச்சல், சூடு, பளபளப்பு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கீழே ‘சிவப்பு’ என்று வருமிடமெல்லாம் இப்பொருளிலேயே சொல்லப்படுகிறது.

அறிகுறி: வியர்வை மட்டும் மிகுதி, வாடையோ படையோ இல்லை

இது நோயன்று. கத்திரி வெயில் காலத்தில் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், திறந்த தோலில் சுரக்கும் வியர்வையே எளிதில் உலர்வதில்லை. மடிப்பில் சுரப்பது எப்படி உலரும்? இங்கு செய்ய வேண்டியது, தோலைத் தோலிலிருந்து பிரித்து வைப்பதுதான். அதற்கு முதல் கருவி, அளவு சரியான பிரா.

பிராவின் அடிப்பட்டைதான் மார்பின் எடையில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு அது துணை வேலை. பட்டை தளர்ந்துவிட்டால் முதுகுப்புறம் மேலேறும்; முன்புறம் மார்பகம் கீழிறங்கி மடிப்பு ஆழமாகும். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; அதற்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்குமேல் இடம் இருக்கக் கூடாது. புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில் மாட்டினாலே பொருந்தும்படி வாங்கினால், எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிகளுக்கு மாறிக்கொள்ளலாம். பிள்ளைப் பேற்றுக்குப் பின்னும், உடல் எடை ஏறி இறங்கிய பின்னும், மாதவிடாய் நின்ற பின்னும் அளவு மாறுகிறது. கல்யாணத்தின்போது வாங்கிய அதே எண்ணையே இருபது வருடமாகக் கடையில் சொல்லி வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய வியர்வைத் தொல்லைக்கு வெயிலைக் காட்டிலும் அந்த எண்ணே பெரிய காரணமாக இருக்கலாம்.

துணியைப் பொறுத்தவரை, பருத்தியே எப்போதும் நல்லது என்பது முழு உண்மையன்று. பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை அப்படியே வைத்துக்கொள்ளவும் செய்யும். வீட்டிலும் அலுவலகத்திலும் பருத்தி போதும். நண்பகலில் ஒருமுறை மாற்ற முடிந்தால் மிக நல்லது. நடைப்பயிற்சி, உடற்பயிற்சி, வயல்வேலை போன்று வியர்த்துக் கொட்டும் நேரங்களில், வியர்வையை வெளிப்புறத்துக்குக் கடத்தி விரைவில் உலரும் விளையாட்டு உள்ளாடை அதைவிட மேல். வேலை முடிந்தவுடன் அதைக் கழற்றிவிட வேண்டும். ரவிக்கைக்கு பாலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைத்துவிட்டு, உள்ளே பருத்தி அணிவதால் பயன் குறைவு. தையற்காரரிடம் லைனிங்குக்கும் பருத்தித் துணியே வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

இவற்றுக்குப் பிறகும் வியர்வை ஒழுகினால், வியர்வைத் தடுப்பான் பயன்படும். வியர்வைத் தடுப்பானும் டியோடரண்டும் வேறு வேறு என்பதை வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும். அலுமினிய உப்பு கலந்த தடுப்பான் வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. டியோடரண்ட் வாடையை மறைக்கவோ குறைக்கவோ மட்டுமே செய்கிறது. கடைகளில் நிறைந்திருக்கும் நறுமணத் தெளிப்பான்களில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை, ஆல்கஹால் கலந்தவை, மடிப்பில் அடித்தால் எரியும். தடுப்பானை இரவில் படுக்கும் முன், முற்றிலும் உலர்ந்த, காயமில்லாத தோலில் மெல்லிதாகப் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். பாலூட்டும் தாய்மார் குழந்தையின் முகம் படும் இடத்தில் இதைப் பூச வேண்டாம்.

இரவில் மட்டும் நனைந்து எழும் அளவுக்கு வியர்த்தால், அது மடிப்பின் சிக்கலன்று. நாற்பத்தைந்து வயதை ஒட்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்ப அலைகளாக இருக்கலாம்; தைராய்டு மிகையாகச் சுரப்பதும், மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும் காரணமாகலாம். இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைதல் ஆகியவை சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது.

அறிகுறி: தோல் இயல்பாக இருக்கிறது; வாடை மட்டும் வருகிறது

வியர்வைக்கு இயல்பில் வாடை கிடையாது. மடிப்பில் சுரப்பது பெரும்பாலும் நீரும் உப்புமே. அதில் ஊறிய இறந்த தோற்செல்களையும் எண்ணெய்ப்பசையையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் புளித்த வாடையோ கற்றாழை நாற்றமோ எழுகிறது. எனவே வாசனைப் பொருளை மேலே பூசுவது காரணத்தைத் தொடுவதே இல்லை.

முதலில் வாடை தோலிலிருந்து வருகிறதா, துணியிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். குளித்துத் துடைத்து, துவைத்து மடித்து வைத்திருக்கும் பிராவை அணியும் முன் அதன் அடிப்பட்டையை முகர்ந்து பாருங்கள். துவைத்த பிறகும் லேசான வாடை இருந்தால், குற்றவாளி துணிதான். செயற்கை இழையும் எலாஸ்டிக்கும் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதில் தங்கிய பாக்டீரியாக்கள் உடற்சூடு பட்டதும் மீண்டும் பெருகுகின்றன.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேலையும் சட்டையும் மொட்டைமாடியில் வெயிலில் காய, பெண்களின் உள்ளாடை மட்டும் துண்டுக்கு அடியிலோ, குளியலறைக் கம்பியிலோ, கதவுக்குப் பின்னாலோ ஒளிந்து காய்கிறது. காய்கிறது என்று சொல்வதைவிட, ஈரம் மாறாமல் கிடக்கிறது என்பதே பொருத்தம். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். யார் கண்ணிலும் படக் கூடாது என்ற கூச்சத்துக்கு, மார்பின் தோல் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளாடைக்கு நேரடி வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டும். அதற்கு வழியே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்விசிறிக்கு அடியில் தனியாக விரித்து உலர்த்தி, பருத்தியாக இருந்தால் அடிப்பட்டையின் உட்புறத்தில் இஸ்திரிப்பெட்டியை ஒருமுறை ஓட்டி எடுக்கலாம். ஒரே பிராவை அடுத்தடுத்த நாள் அணியாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி அணிய வேண்டும். வாடை பிடித்ததைச் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, நன்றாக அலச வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் உறிஞ்சும் தன்மையைக் குறைப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். அதன்பிறகும் வாடை போகாத பழைய பிராவைத் தூக்கி எறிவதே நல்லது.

வாடை தோலிலிருந்துதான் வருகிறது என்றால், காலையிலும் மாலையிலும் மடிப்பைத் தூக்கி, மென்மையான, வாசனையற்ற சோப்பாலோ, தோலின் இயல்பான அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்யப்பட்ட கழுவும் திரவத்தாலோ கழுவி, சோப்பு மிச்சமின்றி அலச வேண்டும். அதற்குமேல் கழுவுவது தோலை வறளச் செய்து சிக்கலைப் பெருக்கும். இரண்டு வாரமாகியும் குறையாவிட்டால், முகப்பருவுக்கு விற்கப்படும் பென்சாயில் பெராக்சைடு முகக்கழுவி, 2.5 அல்லது 5 விழுக்காடு வலிமையில் உள்ளதை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மடிப்பில் தடவி, ஓரிரு நிமிடம் கழித்துக் கழுவிப் பார்க்கலாம். பாக்டீரியாக்களின் எண்ணிக்கை அதனால் குறையும். ஆனால் அது பட்ட துண்டும் ரவிக்கையும் வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டையே பயன்படுத்துங்கள். புண் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பது, சமையல் சோடாவைப் பூசுவது ஆகிய இரண்டும் பரவலாகச் சொல்லப்படுகின்றன. எலுமிச்சைச் சாறு ஊறிய தோலை எரிக்கும். சமையல் சோடா காரத்தன்மை உடையது, தோலுக்கு வேண்டிய மெல்லிய அமிலத்தன்மையைக் குலைத்துவிடும். நலங்குமாவு நல்லதுதான் என்றாலும், பயற்றமாவும் கடலைமாவும் கலந்த அந்தப் பொடி மடிப்பில் சரியாக அலசப்படாமல் தங்கினால், கிருமிகளுக்கு நாமே விருந்து வைத்ததாகிவிடும். மடிப்பை விட்டு மற்ற இடங்களுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மடிப்பின் கோட்டில் சிவப்பு, எரிச்சல், ஊறல், புள்ளிகளோ வளையமோ இல்லை

இது உரசலாலும் ஈரத்தாலும் வந்த மடிப்பழற்சி. சிவப்பு மடிப்பின் இரு முகங்களிலும், கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். உப்பு வியர்வை படும்போது காந்தும். இந்நிலையிலேயே கவனித்தால் மருந்துக்கடைக்குப் போகாமலே பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் அடுத்த பகுதியில் சொல்லப்படும் பூஞ்சைத் தொற்றாக மாறக்கூடும்.

வெறும் நீராலோ மிக மென்மையான சோப்பாலோ கழுவி, மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒற்றியபின் மார்பகத்தைத் தூக்கிப் பிடித்தபடி மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நிமிடம் நிற்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் அதைக் குளிர்காற்றில் வைத்துப் பயன்படுத்தலாம், சூடான காற்று கூடாது. காலையில் அவசரமாகப் புறப்படுவோருக்கு இந்த மூன்று நிமிடமே பெரிதாகத் தோன்றும். ஆயினும் இச்சிகிச்சையில் பாதி வேலை அந்த மூன்று நிமிடத்தில்தான் நடக்கிறது.

உலர்ந்த மடிப்பில் துணியை வைப்பது அடுத்த படி. பழைய பருத்தி வேட்டியிலிருந்தோ மல் துணியிலிருந்தோ ஒரு நீளப் பட்டை கிழித்து, ஒற்றை அடுக்காக மடிப்புக்குள் சுருக்கமின்றி விரித்து வைக்க வேண்டும். துணி முழுவதையும் மடிப்புக்குள் புதைத்துவிடக் கூடாது. அதன் ஓரம் இரண்டு விரற்கடை அளவாவது மடிப்புக்கு வெளியே காற்றுப் படும்படி இருக்க வேண்டும். உள்ளே உறிஞ்சிய ஈரம் அந்த ஓரத்தின் வழியாகத்தான் ஆவியாகும். நனைந்தவுடன் மாற்ற வேண்டும். நனைந்த துணி மடிப்பில் இருப்பதைவிடத் துணியே இல்லாமல் இருப்பது மேல். டிஷ்யூ காகிதத்தை வைத்தால் அது நைந்து துகளாகிப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

தோல் உரிந்திருந்தால், குழந்தைகளுக்கு டயபர் உரசலால் வரும் புண்ணுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு களிம்பை, முற்றிலும் உலர்ந்த தோலில், மெல்லிய படலமாகப் பூசலாம். அது ஈரத்துக்கும் தோலுக்கும் இடையே தடுப்பாக நிற்கும். அப்பியெடுத்தால் களிம்பே ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். டால்கம் பவுடரை இங்கே தூவுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். வியர்வை பட்டதும் பவுடர் திரண்டு கட்டிகளாகி, உரிந்த தோலை மேலும் அராவும். வாசனைப் பவுடராக இருந்தால் ஒவ்வாமையும் சேரும். தேங்காயெண்ணெய் வறண்ட தோலுக்கு உகந்தது, ஈரம் தேங்கிய மடிப்புக்கு உகந்ததன்று. மஞ்சளை அரைத்துப் பூசினால் தோல் நிறம் மாறி, படை கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போகும்.

படுக்கும்போது பிராவைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த பருத்தி நைட்டி அணிவது காற்றோட்டத்துக்கு நல்லது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் மேற்சொன்ன துணிப்பட்டையை இரவிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: அடர்ந்த சிவப்பு, அதைச் சுற்றித் தனித்தனிச் சிறு புள்ளிகளோ கொப்புளங்களோ, கடும் அரிப்பு

பெரிய படையின் விளிம்புக்கு வெளியே, அதிலிருந்து தெறித்தது போலச் சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்தால், கேண்டிடா என்னும் பூஞ்சை தொற்றியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மடிப்பின் ஆழத்தில் தயிரின் ஆடை போன்ற வெள்ளைப் படிவும், வெடிப்பும், ஒருவிதப் புளிப்பு வாடையும் உடனிருக்கலாம். அண்மையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை உட்கொண்டவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள், கருவுற்றவர்கள், பால் கசிந்து மடிப்பு நனைந்தே இருக்கும் பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இது எளிதில் வரும்.

முன் பகுதியில் சொன்ன உலர்த்தும் முறை அப்படியே தொடர வேண்டும். அதோடு 1 விழுக்காடு குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பைக் காலையிலும் இரவிலும், படையிலும் அதைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கும் மெல்லிதாகப் பூச வேண்டும். பகலில் ஈரம் தாங்காதவர்களுக்கு அதே மருந்து தூவும் பொடியாகவும் கிடைக்கிறது. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சில நாட்களிலேயே அரிப்பு நின்றுவிடலாம். பலரும் அன்றே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். படை கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒரு வாரமாவது பூசவில்லையென்றால் அடுத்த மாதம் அது திரும்பி வரும். கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பாலூட்டும்போது முலைக்காம்பில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் ‘படைக்கு ஒரு களிம்பு’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் தனிப் பூஞ்சைக்கொல்லியாக இருப்பதில்லை. பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த கூட்டுக் களிம்பு கைக்கு வரும். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடுவதால் அது ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கிவிடுகிறது. அடியில் பூஞ்சை அழியாமல் பரவிக்கொண்டிருக்கும். மடிப்புக்குள் ஸ்டீராய்டு மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சப்படுவதால் தோல் மெலிந்து, மாறாத கோடுகள் விழும். குழாயின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும், தோல் மருத்துவர் எழுதித் தராமல் அதை மடிப்பில் பூசக் கூடாது. கடைக்காரர் தந்தார், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாயிற்று என்பவை இவ்விஷயத்தில் காரணங்களாகா. என் கருத்தில், வியர்வையால் கெட்ட மடிப்புகளைவிட இந்தக் களிம்புகளால் கெட்ட மடிப்புகளைச் சரிசெய்வதே கடினம்.

அறிகுறி: வளைந்த, செதிள் உதிரும் விளிம்பு, நடுப்பகுதி தெளிந்திருக்கிறது

இது படர்தாமரை. மடிப்பைத் தாண்டி வயிற்றுப்பக்கம் வளைவாகப் பரவும். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ இன்னொரு வளையம் இருக்கலாம். வீட்டில் வேறு யாராவதும் சொறிந்துகொண்டிருப்பார்கள். சில வருடங்களாக இந்தியாவில் இது எளிய மருந்துகளுக்கு அடங்குவதில்லை. 2020-இல் டிரைகோபைட்டான் இந்தோட்டினியே என்று தனிப் பெயர் பெற்ற பூஞ்சை, வழக்கமான டெர்பினஃபைன் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருப்பது பல நோயாளிகளிடம் காணப்படுகிறது. ஆகவே இதற்குக் கைவைத்தியம் வேண்டாம். தோல் மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதித்து, தேவையானால் மாத்திரையும் தருவார். வீட்டில் படை உள்ள அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற வேண்டும். துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: அரிப்பில்லாத பழுப்புப் படை

பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் பூசியும் முழுதாக மறையாத, மெல்லிய செதிளுள்ள, பழுப்பு அல்லது செம்பழுப்புத் திட்டு, எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் உட்ஸ் விளக்கு என்னும் புறஊதா விளக்கின் ஒளியில் பார்க்கும்போது அது பவளச் சிவப்பாக ஒளிரும். அன்று காலை அவ்விடத்தைக் கழுவியிருந்தால் ஒளிராமலும் போகலாம் என்பதால் கழுவாமல் செல்வது நல்லது. இதற்குப் பூசும் மருந்தே வேறு.

படை ஆறிய பிறகு தங்கும் கருமையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அழற்சி விட்டுச் சென்ற நிறச்சுவடு. செதிளும் இருக்காது, பரவவும் செய்யாது. சில மாதங்களில் தானே மங்கும். வெளுப்பூட்டும் களிம்புகளை அங்கே பூசினால் மறுபடியும் அழற்சி வந்து இன்னும் கறுக்கும்.

அறிகுறி: மடிப்பில் இல்லை, பட்டை, கொக்கி, கம்பி படும் இடத்தில் மட்டும் தடிப்பு

படையின் வடிவமே இங்கே காரணத்தைச் சொல்லிவிடும். பட்டையின் அகலத்துக்கு நேர்க்கோடாக இருந்தால் எலாஸ்டிக் அல்லது சோப்புத்தூளின் மிச்சம். கொக்கியின் அளவில் சிறு வட்டங்களாக இருந்தால் நிக்கல் ஒவ்வாமை. பிறை வடிவில் இருந்தால் கம்பி வைத்த பிராவின் அளவு தவறு. கம்பி மடிப்பின் கோட்டில்தான் உட்கார வேண்டும். மார்பகத்தின் சதைமேல் ஏறி அழுத்தக் கூடாது.

இரு மார்புக்கும் நடுவில் மட்டும் தடிப்பிருந்தால் தாலியைப் பாருங்கள். மஞ்சள் கயிறு குளித்தபின் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும்; ரவிக்கைக்குள் விழுந்த ஈரக்கயிறு அங்கேயே ஊறி, அதிலும் வாடை ஏறிவிடும். குளித்ததும் கயிற்றைத் துண்டால் பிழிந்து துடைத்து, உலரும்வரை ரவிக்கைக்கு வெளியே விட்டு வைக்கலாம். ஆடிப்பெருக்குக்கு மாற்றியதோடு அடுத்த ஆடிவரை விட்டுவிடாமல், நல்ல நாள் பார்த்து ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு; ஒவ்வாமைக்கு அவையும் ஒரு காரணம். ரவிக்கைக்குள் செருகும் சிறு பணப்பையையும் கைபேசியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வலியுள்ள கட்டிகள், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும்

எப்போதாவது ஒரு கட்டி வந்து உடைந்து ஆறினால் கவலையில்லை. மடிப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, உடைந்து, துர்நாற்றமுள்ள சீழ் கசிந்து, தழும்பும் தோலுக்கடியில் துளைகளும் விட்டுச் சென்றால், அது ஹைட்ராடினைட்டிஸ் சப்புரட்டைவா என்னும் நாட்பட்ட அழற்சி நோய். சுத்தக் குறைவால் வருவதன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமன்று. இதைச் ‘சூட்டுக்கட்டி’ என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் கழிந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே தோல் மருத்துவரைப் பார்த்தால் துளைகள் ஏற்படாமல் தடுக்க முடியும். பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் கூடாது.

அறிகுறி: சரியாகிறது, மறுபடி வருகிறது

முதலில் மருந்து போதிய நாள் பூசப்பட்டதா, துண்டும் பிராவும் வெந்நீரில் துவைக்கப்பட்டனவா, உலர்த்தும் வழக்கம் படை மறைந்த பின்னும் தொடர்ந்ததா என்று பாருங்கள். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோயென்று கொள்வர். உறுதிப்படுத்த மறுமுறையும் பரிசோதிப்பர். மடிப்பில் ஓயாமல் வரும் பூஞ்சைதான் தன் சர்க்கரையை முதலில் காட்டிக்கொடுத்தது என்று சொல்லும் பெண்கள் உண்டு. சர்க்கரை கட்டுப்படாதவரை எந்தக் களிம்பும் நிலைத்த பயன் தராது.

சர்க்கரையும் சரியாக இருந்து, படை பளபளப்பாக, கூர்மையான விளிம்போடு, தொப்புளிலும் காதுக்குப் பின்னாலும் சேர்ந்து காணப்பட்டால், மடிப்புகளில் வரும் சோரியாசிஸாக இருக்கலாம். மடிப்பில் அதற்குச் செதிள் இராது. அதனால்தான் பூஞ்சை என்று தவறாக எண்ணப்படுகிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்கு எடை குறைந்தால் மடிப்பின் ஆழம் குறையும் என்பது உண்மையே; ஆனால் இன்று எரிகிற தோலுக்கு அது விடையாகாது. மிகப் பெரிய மார்பகத்தால் கழுத்துவலி, தோள்வலியோடு இப்புண்ணும் ஓயாமல் வருபவர்களுக்கு, மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் தயங்க ஒன்றுமில்லை.

அறிகுறி: காத்திருக்கக் கூடாதவை

சிவப்பு மணிக்கணக்கில் பரவி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் குளிரும் வந்தால், தோலுக்கடியில் பாக்டீரியத் தொற்று இறங்கியிருக்கிறது என்று பொருள். யாராக இருந்தாலும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாலூட்டும் தாய்க்கு மார்பகத்தின் ஒரு பகுதி கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தால் அது பால்கட்டு அழற்சி. பால் கொடுப்பதை நிறுத்தாமலே சிகிச்சை பெறலாம்.

ஒரு மார்பகம் மட்டும் சில வாரங்களில் வீங்கி, சிவந்து, தோல் ஆரஞ்சுப்பழத்தோல் போலக் குழிகுழியாகிவிட்டால், தொட்டுப் பார்த்தால் கட்டி தென்படாவிட்டாலும், அழற்சிவகை மார்பகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது அரிது, ஆனால் வேகமானது. ஒரு முலைக்காம்பில் மட்டும் ஆறாத செதிளோ புண்ணோ இருந்தாலும் மார்பகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆன்டிபயாட்டிக் உட்கொண்டு ஒரு வாரமாகியும் மார்பகச் சிவப்பு அடங்காவிட்டால், அடுத்த ஆன்டிபயாட்டிக்குக்குப் போகுமுன் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லாக் களிம்புக் குழாய்களையும், தீர்ந்துபோனவை உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லாத ஸ்டீராய்டு அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்று காலை எதையும் பூச வேண்டாம். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லலாம். ஆண் மருத்துவராக இருந்தால் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ‘நெஞ்சில் அரிப்பு’ என்று பொதுவாகச் சொன்னால் சீட்டு எழுதி அனுப்பிவிடக் கூடும். ‘மார்பின் அடிமடிப்பில் படை, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.